மாட்டிக்கொண்ட மரத்தை இறக்குவது: ரம்பம் பிடிக்கப் புதிதாக வருபவர்களுக்கு

புயல் ஓய்ந்த மறுநாள் சென்னைத் தெருக்களில் இரண்டு விதமாக விழுந்த மரங்களைப் பார்க்கலாம். ஒன்று முழுசாகத் தரையில் கிடக்கும். போக்குவரத்துக்குத்தான் இடைஞ்சல், உயிருக்குப் பெரிய ஆபத்தில்லை. இன்னொன்று பாதி விழுந்து, பக்கத்து மரத்தின் கவையிலோ மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரிலோ சாய்ந்து நிற்கும். ஆளை அடிப்பது இந்த இரண்டாவது மரம். 2016 டிசம்பர் 12-ல் வர்தா கரையைக் கடந்தபோது தூங்குமூஞ்சி, குல்மோகர், இயல்வாகை மரங்கள் நகரமெங்கும் இப்படி ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடந்தன. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை எந்த வாரம் வேண்டுமானாலும் உங்கள் தெருவிலும் இது நடக்கலாம்.

செயின்சா எனப்படும் இன்ஜின் ரம்பம் வாங்கி ஒன்றிரண்டு மாதம் விறகு அறுத்துப் பழகியவர்களை மனதில் வைத்து எழுதியது இது. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். மாட்டிக்கொண்ட மரத்தை அறுத்து இறக்க நினைக்காதீர்கள். அதை இழுத்துத்தான் இறக்க வேண்டும். இழுப்பதற்கு வழி செய்கிற அளவுக்கு மட்டுமே ரம்பத்துக்கு வேலை.

எடையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

40 சென்டிமீட்டர் விட்டம், 6 மீட்டர் நீளம் உள்ள அடிமரத்தின் கன அளவு ஏறத்தாழ முக்கால் கன மீட்டர். மழையில் ஊறிய பச்சை மரம் என்றால் 600 முதல் 700 கிலோ வரும். கிளையும் இலையும் தனி. இந்த எடை தரையில் இல்லை, இரண்டு முனைகளில் தொற்றிக்கொண்டு நிற்கிறது: கீழே வேர் அல்லது அடிக்கட்டை, மேலே பக்கத்து மரத்தின் ஒரு கவை. இரண்டில் எது விட்டாலும் மரம் எந்தப் பக்கம் போகும் என்பதைப் பார்ப்பதுதான் வேலையின் பாதி.

நேராக விழும் மரத்துக்கு ஒரு திசைதான். மாட்டிக்கொண்ட மரம் நான்கு விதமாக நகரலாம்: கீழே இறங்கலாம், பக்கவாட்டில் உருளலாம், அடிப்பகுதி பின்னால் உதைக்கலாம், தாங்கி நிற்கும் கிளை ஒடிந்து மொத்தமும் சடாரென்று வரலாம்.

முதலில் கம்பி, பிறகுதான் மரம்

மரத்தின் எந்தக் கிளையாவது மின்கம்பியைத் தொட்டாலோ, கம்பி அறுந்து மரத்தின்மேல் கிடந்தாலோ, அது உங்கள் வேலை இல்லை. குறைந்தது 10 மீட்டர் தள்ளி நின்று, மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள். தெருவே இருட்டாக இருக்கிறது, கரண்ட் இல்லை என்று நம்பிவிட வேண்டாம். பக்கத்து வீட்டு ஜெனரேட்டர் சரியான மாற்று ஸ்விட்ச் இல்லாமல் ஓடினால் அதே கம்பியில் பின்வழியாக மின்சாரம் ஏறும். லைன்மேன் வந்து, ஃபியூஸைப் பிடுங்கி, எர்த் போட்டு, ‘இப்போது வெட்டலாம்’ என்று வாயால் சொன்ன பிறகே ரம்பத்தை எடுக்க வேண்டும்.

கேபிள் டிவி கம்பியும் இன்டர்நெட் ஒயரும் ஷாக் அடிக்காது என்று அலட்சியமாக விடுகிறார்கள். ஆனால் அவற்றைத் தாங்கும் எஃகுக் கம்பி மரத்தின் எடையால் வில் நாண் போல் இழுபட்டிருக்கும். கிளையை அறுத்ததும் அது சாட்டை மாதிரி அடிக்கும். அந்தக் கம்பியை முதலில் தளர்த்திவிட வேண்டும், அல்லது அதன் சொந்தக்காரரை வரவழைக்க வேண்டும்.

சாலை மரம் என்றால் மாநகராட்சி எண் 1913. உயிரோடு நிற்கும் மரத்தை வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். தாங்கிக்கொண்டிருக்கும் மரத்தையும் சேர்த்து வெட்டிவிடலாம் என்று யோசிப்பவர்கள் இதையும் நினைவில் வைக்க வேண்டும். அந்த யோசனை எவ்வளவு ஆபத்தானது என்பதைக் கீழே சொல்கிறோம்.

உடம்பிலும் கையிலும் இருக்க வேண்டியவை

முகத்திரையும் காதுமூடியும் சேர்ந்த ஹெல்மெட், விரல்நுனியில் இரும்புக் கவசம் உள்ள பூட்ஸ், பிடிமானமான கையுறை, செயின்சா பேன்ட். கடைசிச் சாமானைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அந்தத் துணிக்குள் நீள நீளமான நார்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. செயின் பட்டதும் நார் வெளியே வந்து பல்சக்கரத்தில் சுற்றி, செயினை நிறுத்திவிடும். ஜீன்ஸ் பேன்ட்டுக்கு அந்தச் சக்தி கிடையாது. சென்னை வெயிலில் இதைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் வேலை செய்வது கஷ்டம்தான். அதற்காகக் கழற்ற வேண்டாம், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடியுங்கள்.

சாமான்கள்: 1.6 டன் திறனுள்ள டிர்ஃபர் வகைக் கை வின்ச் (கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்டி எஃகுக் கயிற்றை இழுக்கும் கருவி), அதற்கேற்ற எஃகுக் கயிறு, மரத்தைச் சுற்றிக் கட்ட இரண்டு அகலமான பட்டைகள், ஒரு கப்பி, மூன்று பிளாஸ்டிக் ஆப்பு, கோடரி, கடப்பாரை, ஒரு கைரம்பம். எல்லாம் பாரிமுனை ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும். இரும்பு ஆப்பு வாங்காதீர்கள். செயின் அதில் பட்டால் பல் தெறித்துவிடும்.

நைலான் கயிற்றில் கட்டி டாட்டா ஏஸில் இழுப்பது நம்மூர் வழக்கம். இது வேண்டவே வேண்டாம். நைலான் ரப்பர் மாதிரி நீண்டு சக்தியைச் சேர்த்து வைத்துக்கொள்ளும், அறுந்தால் இரண்டு பக்கமும் ஆளைத் தேடி வரும். வண்டி சடக்கென்று இழுக்கும், நிதானம் இருக்காது. வின்ச்சில் ஒவ்வொரு இழுப்புக்கும் மரம் சில சென்டிமீட்டர்தான் நகரும். எந்த இடத்திலும் நிறுத்திப் பார்க்கலாம்.

ரம்பத்தைச் சரிபார்த்தல்

செயினைக் கையால் இழுத்தால் பாரைச் (செயின் ஓடும் நீளமான தகடு) சுற்றி ஓட வேண்டும், ஆனால் பாரின் அடியில் தொங்கக் கூடாது. செயின் பிரேக்கை முன்னால் தள்ளி, அது பிடிக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். இன்ஜினை ஐடிலில் விட்டால் செயின் சுற்றக் கூடாது. சுற்றினால் கார்புரேட்டரைச் சரிசெய்யாமல் மரத்தருகே போகாதீர்கள். எரிபொருள் கலவை உங்கள் ரம்பத்தின் புத்தகத்தில் சொன்னபடி. 50-க்கு 1 என்றிருந்தால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி டூ-ஸ்ட்ரோக் ஆயில்.

ரம்பத்தைத் தரையில் வைத்து, பின்கைப்பிடிக்குள் வலது காலை நுழைத்து, பிரேக் போட்ட நிலையில் ஸ்டார்ட் செய்யுங்கள். கையில் தொங்கவிட்டு இழுத்து ஸ்டார்ட் செய்வதைப் பார்த்துப் பழக வேண்டாம்.

பாரின் நுனியில், மேல் கால்வட்டப் பகுதி மரத்தில் பட்டால் ரம்பம் முகத்தை நோக்கி எகிறும். பின்னிக்கிடக்கும் கிளைகளுக்குள் வேலை செய்யும்போது அந்த நுனி எங்கே இருக்கிறது என்று கண்ணுக்கே தெரியாது. அதனால் ரம்பத்தை உள்ளே நீட்டுவதற்கு முன், சின்னக் கொப்புகளைக் கைரம்பத்தாலும் அரிவாளாலும் எடுத்து இடத்தைத் திறந்துகொள்ளுங்கள். இடதுகைக் கட்டைவிரல் முன்கைப்பிடியைச் சுற்றிப் பூட்டியிருக்க வேண்டும். ரம்பம் தோளுக்குமேல் போகக் கூடாது.

நகரத்து மரத்தில் இன்னொரு தொல்லை ஆணி. விளம்பரத் தகடு, சீரியல் லைட், பழைய மரக்கூண்டின் இரும்பு எல்லாம் பட்டைக்குள் புதைந்திருக்கும். அறுக்கும் இடத்தில் பட்டையைக் கோடரியால் சீவி, கறுத்த கறை இருக்கிறதா என்று பாருங்கள். இரும்பு இருக்கும் இடத்தைச் சுற்றி மரம் நீலக்கறுப்பாக மாறியிருக்கும். கறை தெரிந்தால் அரை அடி மேலேயோ கீழேயோ தள்ளி அறுங்கள். அறுக்கும்போது விழும் தூளையும் கவனியுங்கள். சீவல் சீவலாக வந்தால் செயின் கூராக இருக்கிறது. மாவு மாதிரி வந்தால் மழுங்கிவிட்டது. மழுங்கிய ரம்பத்தை ஆள் அழுத்திப் பிடிப்பார், அழுத்திப் பிடிப்பவரால் சட்டென்று விலக முடியாது.

மரத்தைப் படிப்பது

ரம்பத்தை அணைத்துவிட்டு, மரத்தின் நீளத்தைப்போல் இரண்டு மடங்கு தூரம் தள்ளி ஒரு முழுச் சுற்று வாருங்கள். பார்க்க வேண்டியது:

மேலே எங்கே மாட்டியிருக்கிறது, எத்தனை இடத்தில்? ஒரே கவையில் என்றால் சுழற்றி விடுவிக்கலாம். மூன்று நான்கு கிளைகள் பின்னியிருந்தால் பின்பக்கமாக இழுத்தாக வேண்டும். தாங்கும் மரம் என்ன மரம்? வேம்பு, புளி என்றால் தாங்கும். குல்மோகர், இயல்வாகை, முருங்கை என்றால் எந்த நேரமும் ஒடியும். ஒடிந்து தனியாகத் தொங்கும் கொப்பு மேலே இருக்கிறதா? இருந்தால் அதன் கீழே போக வேண்டாம். அடிமரம் உள்ளே பொந்தாகிக் கூடு விட்டிருக்கிறதா? கோடரியின் பின்புறத்தால் தட்டுங்கள். கெட்டி மரம் ‘டக்’ என்று சுருக்கமாகச் சொல்லும், கூடு மரம் மத்தளம் மாதிரி அதிரும். கூடு மரத்தில் கீழே சொல்லும் அளவுகள் எதுவும் செல்லாது, விட்டுவிடுங்கள்.

பிறகு உங்கள் விலகும் வழியைத் தேர்ந்தெடுங்கள். மரம் இறங்கும் திசைக்கு எதிராக, நேர் பின்னால் இல்லாமல், 45 பாகைச் சாய்வில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பாதை. காம்பவுண்டுச் சுவரும் நிறுத்திய பைக்குகளும் அந்தப் பாதையை அடைத்திருந்தால், முதல் வேலை பைக்கை நகர்த்துவதுதான். வேடிக்கை பார்க்க நிற்பவர்களைத் தெருவின் இரண்டு முனையிலும் கயிறு கட்டி நிறுத்துங்கள். ஒருவரை அதற்கென்றே வைத்துவிடுங்கள். தனியாக இந்த வேலைக்கு யாரும் போகக் கூடாது.

செய்யவே கூடாத ஐந்து

தாங்கி நிற்கும் மரத்தை வெட்டக் கூடாது. வெட்டுபவர் நிற்பது இரண்டு மரங்களின் எடைக்கும் நேர் கீழே. எது முதலில் வரும் என்று சொல்லவே முடியாது.

மாட்டிய மரத்தின்மேல் ஏறி நின்று கிளையை வெட்டக் கூடாது. இன்னொரு மரத்தை அதன்மேல் தள்ளி இறக்கப் பார்க்கக் கூடாது. அடியில் நுழைந்து போகக் கூடாது, ஒரு சாமானை எடுக்கக்கூட.

ஐந்தாவதைத்தான் தினமும் பார்க்கிறோம்: அடிமரத்தை மூன்று மூன்று அடியாகத் துண்டுபோட்டு, மரத்தை ‘நடக்கவைத்து’ நிமிர்த்துவது. முதல் துண்டு விழுந்ததும் மரம் சற்று நிமிரும். இரண்டாவது, மூன்றாவது துண்டில் கிட்டத்தட்ட செங்குத்தாக நிற்கும். அப்போது அது எந்தப் பக்கமும் விழலாம், ரம்பம் பிடித்தவர் பக்கமும்தான். ஒவ்வொரு துண்டும் விடுபடும்போது கூரான அடி முனை அவரது பாதத்துக்குப் பக்கத்தில் தரையில் குத்தும். ரம்பமும் சிக்கும்.

வெட்டிய மரம் மாட்டிக்கொண்டால்

நீங்களே வெட்டிய மரம் பக்கத்து மரத்தில் மாட்டியிருக்கிறது, அடிக்கட்டையோடு கீல் இன்னும் ஒட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மரம் விழ வேண்டிய பக்கத்தில் முதலில் எடுக்கும் ஆப்பு வடிவ வாய்வெட்டுக்கும், எதிர்ப்பக்கத்திலிருந்து அறுக்கும் பின்வெட்டுக்கும் நடுவே அறுக்காமல் விட்ட மரப் பகுதிதான் கீல். மரத்தின் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு தடிமன் இருக்க வேண்டும், 40 சென்டிமீட்டர் மரத்துக்கு 4 சென்டிமீட்டர்.

விட்டம் 20 சென்டிமீட்டருக்குக் குறைவாக, ஒரே கவையில் மாட்டியிருந்தால் உருட்டிப் பார்க்கலாம். எந்தப் பக்கம் உருண்டால் கவையிலிருந்து வெளியே வரும் என்று மேலே பார்த்து முடிவெடுங்கள். கீலின் நடுப்பகுதியை மட்டும் அறுத்து, இரண்டு ஓரத்திலும் கட்டைவிரல் அகலம் விட்டுவிடுங்கள். அந்த ஓரங்கள்தான் அடிமரம் கட்டையிலிருந்து திடீரென்று வழுக்காமல் பிடித்து நிற்கும். ரம்பத்தை அணைத்துத் தள்ளி வையுங்கள். கொக்கி உள்ள உருட்டுக்கோலை அடிமரத்தில் மாட்டி, மரம் உங்களைவிட்டு விலகி உருளும்படி நின்று, முழங்காலை மடக்கி, முதுகை நேராக வைத்து அசையுங்கள். முன்னும் பின்னும் நாலைந்து முறை ஆட்டினாலே பெரும்பாலும் மேலே சரசரவென்று சத்தம் கேட்கும். சத்தம் கேட்டதும் கோலை விட்டு விலகும் பாதையில் நடந்துவிடுங்கள். பத்து முறை ஆட்டியும் வரவில்லை என்றால் அது உருட்டி வரும் மரமில்லை.

அதைவிடப் பெரிய மரத்துக்கு வின்ச். வரிசை இதுதான்:

1. நங்கூரம் தேடுங்கள். மாட்டிய மரத்தின் அடிப்பக்கத்துக்குப் பின்னால், அதன் நீளத்தைவிட அதிகத் தூரத்தில், கெட்டியாக வேரூன்றிய மரமோ கான்கிரீட் தூணோ வேண்டும். ஈ.பி. கம்பமும் காம்பவுண்டுச் சுவரும் நங்கூரமாகாது.

2. நங்கூர மரத்தில் பட்டையைத் தரையோடு ஒட்டித் தாழ்வாகக் கட்டுங்கள். மாட்டிய மரத்தில் அடிமுனைக்கு அருகே கட்டுங்கள். வெறும் எஃகுக் கயிற்றை மரத்தில் சுற்றாதீர்கள், மரத்தையும் தின்னும், கயிறும் மடங்கிக் கெடும்.

3. வின்ச் பிடிப்பவர் இழுக்கும் கோட்டிலேயே நிற்க வேண்டியிருந்தால் கப்பி போட்டுக் கோட்டைத் திருப்புங்கள். இப்படித் திருப்பும்போது கப்பி கட்டிய மரத்தின்மேல் விழும் சுமை இழுவிசையைவிட அதிகம்: 90 பாகைத் திருப்பத்தில் ஏறத்தாழ 1.4 மடங்கு, முழுதாகத் திரும்பிவந்தால் 2 மடங்கு. பட்டையும் கப்பியும் அதைத் தாங்க வேண்டும். கயிறு வளையும் மூலைக்கு உட்புறம் யாரும் நிற்கக் கூடாது. கப்பி விட்டால் கயிறு அந்த இடத்தைத்தான் வாரும்.

4. கயிற்றின் நடுவில் நனைத்த கோணிப்பை ஒன்றைப் போடுங்கள். கயிறு அறுந்தால் அதன் வீச்சைக் கோணி குறைக்கும்.

5. அடிமரத்தின் முனைக்குப் பின்னால் இரண்டு உருட்டுக்கட்டையோ ஒரு பலகையோ வையுங்கள். இல்லாவிட்டால் முனை மண்ணில் குத்திக்கொண்டு நகராது, வின்ச்சில் சுமை ஏறிக்கொண்டே போகும்.

6. கயிற்றைத் தொய்வில்லாமல் இழுத்து நிறுத்திய பிறகு கீலின் நடுவை, முன்போலவே ஓரங்களை விட்டு, அறுங்கள். ரம்பத்தோடு முழுதாக விலகுங்கள். எல்லோரும் வெளியே வந்ததை உறுதிசெய்த பிறகே இழுக்கத் தொடங்குங்கள்.

இழுக்கும்போது பேச்சு ஒருவருடையது மட்டும். ‘இழு’, ‘நிறுத்து’ என்ற இரண்டு சொல் போதும். மற்றவர்கள் யாராவது ‘நிறுத்து’ என்று கத்தினாலும் நிறுத்த வேண்டும். வின்ச் கைப்பிடிக்குக் குழாய் மாட்டி நீட்டாதீர்கள். சுமை மிஞ்சினால் தானே ஒடிந்து உங்களைக் காப்பாற்றுவதற்காகவே வின்ச்சுக்குள் ஒரு சின்ன உலோகப் பின் (pin) வைத்திருக்கிறார்கள். அந்தப் பின்னுக்குப் பதில் ஆணியைச் செருகுவதும் அதே தவறுதான்.

வேரோடு சாய்ந்த மரம்

சென்னையில் அதிகம் பார்ப்பது இதைத்தான். நடைபாதைக் கான்கிரீட்டுக்கும் மழைநீர் வடிகாலுக்கும் நடுவே ஆழமாக வேர் போகாத மரம், வேர்த்தட்டோடு பெயர்ந்து எதிர்வீட்டில் சாய்ந்திருக்கும். அடியில் பெரிய குழி. அந்தக் குழிக்குள் குழந்தைகள் இறங்கி விளையாடுவதைப் பார்த்தால் வேலையை நிறுத்தி முதலில் அவர்களை வெளியேற்றுங்கள். அடிமரத்தை அறுத்ததும், இத்தனை நேரம் அதைக் கவிழ்த்து வைத்திருந்த எடை போய்விடும். வேர்த்தட்டு சடக்கென்று குழிக்குள் திரும்பி உட்காரும். குழியில் இருப்பவர் தப்ப முடியாது. சில தட்டுகள் எதிர்ப்பக்கமும் கவிழும். அதனால்தான் வேரிலிருந்து ஒரு மீட்டருக்குக் குறையாத கட்டையை விட்டு அறுக்க வேண்டும், தட்டைப் பின்னாலிருந்து கயிறு போட்டுக் கட்டவும் வேண்டும்.

இந்த மரம் இரண்டு முனையிலும் தாங்கப்பட்ட பாலம் மாதிரி. மேல்பக்கம் அமுக்கத்தில் இருக்கிறது, கீழ்ப்பக்கம் இழுபட்டு நிற்கிறது. முதலில் அமுக்கப் பக்கத்தில், அதாவது மேலிருந்து, விட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் அறுக்க வேண்டும். அறுத்த வெட்டு மூடுகிறதா என்று பாருங்கள்: வெட்டுக்குள் ஒரு தீக்குச்சியைத் தளர்வாகச் செருகி வைத்தால், அது இறுகிக்கொள்வதிலிருந்து மரம் அமுங்குவது தெரியும். மூடத் தொடங்கியதும் ரம்பத்தை எடுத்துவிடுங்கள். மீதியைக் கீழிருந்து மேலாக அறுக்க வேண்டும். பாரின் மேல்விளிம்பால் அறுக்கும்போது ரம்பம் உங்களைப் பின்னால் தள்ளும் என்பதை எதிர்பார்த்து நில்லுங்கள். வரிசையை மாற்றிக் கீழிருந்து தொடங்கினால் மரம் திடீரென்று பிளந்து நீளவாக்கில் கிழியும்.

முறையைத் தெரிந்துகொள்ளவே இதைச் சொல்கிறோம். அடிமரம் 30 சென்டிமீட்டருக்கு மேலிருந்தாலோ, மேல்முனை வீட்டின்மேல் சாய்ந்திருந்தாலோ, புதியவர்கள் இந்த அறுப்பைத் தொடக் கூடாது. மேல்முனையைக் கிரேனில் பிடித்துக்கொண்டுதான் வேரை விடுவிக்க வேண்டும். நீங்கள் செய்யக்கூடியது, தரையில் இருக்கும், எடை தாங்காத கொப்புகளை அப்புறப்படுத்திக் கிரேனுக்கு வழி செய்வது. ஒரு கொப்பு எடை தாங்குகிறதா என்று அறிய, காலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். ஆடினால் எடுக்கலாம். கல் மாதிரி விறைத்து நின்றால் அது மரத்தைத் தாங்கும் தூண், விட்டுவிடுங்கள். வளைந்து இழுபட்டுக் கிடக்கும் இளங்கொப்பை ஒரே வெட்டாக அறுத்தால் முகத்தில் அடிக்கும். வளைவின் உட்புறத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவிக்கொண்டே வந்தால் அது மெல்ல மடிந்து சக்தியை விடும்.

ரம்பம் சிக்கிக்கொண்டால் இன்ஜினை அணையுங்கள். பிடித்து ஆட்ட வேண்டாம். வெட்டுக்குள் ஆப்பை அடித்துத் திறந்து எடுங்கள். ஆப்புக்கு மசியாவிட்டால் ரம்பத்தை அங்கேயே விட்டு விலகுங்கள். வின்ச் இழுக்கும்போது வெட்டு திறக்கலாம்.

மரம் இறங்கிய பிறகு

தரையில் பட்டதும் ஓடிப்போக வேண்டாம். இரண்டு நிமிடம் காத்திருங்கள். இதுவரை தாங்கிய மரத்தை அண்ணாந்து பாருங்கள். வளைந்திருந்த அதன் கிளைகள் நிமிரும்போது, ஒடிந்த கொப்புகள் கவையில் சிக்கி நிற்கும். கொஞ்சம் காற்றடித்தால் அவை கீழே வரும். நீளமான கொக்கிக் கம்பால் எட்டுமானால் தள்ளி நின்று இழுத்துவிடுங்கள், எட்டாவிட்டால் அந்த மரத்தடியைத் தனியாகக் கயிறு கட்டி அடையுங்கள். கிளை கழிக்கும்போது அடிமரத்துக்கு ஒரு பக்கம் நீங்கள், மறுபக்கம் ரம்பம். அடியிலிருந்து நுனி நோக்கிப் போங்கள்.

மாலை ஐந்து மணிக்குமேல், வெளிச்சம் குறைந்த பிறகு புதிதாக எந்த அறுப்பும் தொடங்க வேண்டாம். நவம்பரில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். மரம் இன்னும் மாட்டியே இருந்தால் வின்ச்சைத் தளர்த்தாமல் கயிற்றோடு விட்டு, மரத்தின் நீளத்துக்கு இரண்டு மடங்கு தூரத்தில் சுற்றிலும் கயிறும் சிவப்புத் துணியும் கட்டி, அந்தச் சாய்வுக்குள் வரும் வீடுகளின் கதவைத் தட்டிச் சொல்லி, 1913-ல் மரம் எந்த நிலையில் விடப்பட்டிருக்கிறது என்று பதிவுசெய்யுங்கள். இரவில் ஒருவர் அங்கே இருக்க வேண்டும். பால் வண்டியும் பேப்பர் போடும் பையன்களும் விடியற்காலை நாலரைக்கே அந்தத் தெருவில் வருவார்கள்.